தாத்தா ஒளித்துக் கேட்ட தமிழ் வானொலி எது?

பால்மரத்துப் பேரன்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்தில் எங்கள் பழைய லயத்து வீட்டைக் காலி செய்தபோது தாத்தாவின் பேட்டரி ரேடியோ கிடைத்தது. டயல் கண்ணாடியில், சிற்றலைப் பக்கம், ஆணியால் கீறிய ஒரு கோடு. எழுபதுகளில் ராத்திரி கதவைச் சாத்தி, மேலே துண்டைப் போர்த்தி, சன்னமாக வைத்துத் தமிழில் ஏதோ கேட்பாராம், பாட்டி வாசலில் காவலாம். சீனாவின் பீக்கிங் வானொலியா, இல்லை காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளிடமிருந்து வந்ததா?

சிற்றலைப் பித்தன்:
பீக்கிங் தமிழில் 1963-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் இவ்வளவு ஒளிவு மறைவு என்றால் ‘மலாயாப் புரட்சியின் குரல்’ என்றுதான் நினைக்கிறேன். தடை செய்யப்பட்ட மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் நிலையம், 1969 நவம்பரில் ஆரம்பம், தமிழும் உண்டு. காட்டிலிருந்து இல்லை, சீனாவின் ஹூனான் மாநிலத்திலிருந்து!

பழைய வெட்டுக்காரன்:
எங்கள் அப்பாவும் கேட்பார். ஜன்னலிலிருந்து ஜம்பு மரம் வரை கம்பி இழுத்திருப்போம், குரல் அலை மாதிரி ஏறும், அமுங்கும், ஆனால் ஏறும்போது கணீரென்று இருக்கும், அப்போதே எனக்குச் சந்தேகம்தான், கொசுக்கடியில் ஒளிந்திருக்கிறவனிடம் இவ்வளவு பெரிய மிஷின் ஏது? தோட்டத்துக் கூலி, விலைவாசி என்று பேசினால் அப்பா தலையாட்டுவார். மாவோ புகழ் தொடங்கினால் சுருட்டு பற்றவைக்க வெளியே போய்விடுவார்.

நடுநிலை:
அவர்கள் மட்டுமா பிரச்சாரம் செய்தார்கள்? 1948-60 மலாயா அவசரகாலத்தில், கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டையில், அரசாங்கமே விமானத்தில் ஒலிபெருக்கி கட்டிக் காட்டுக்கு மேலே பறந்து ‘சரணடை’ என்று கத்தியது, துண்டுப் பிரசுரமும் கொட்டியது. அதையும் சொல்லுங்கள்.

சிற்றலைப் பித்தன்:
சரி, அதுவும் உண்மைதான். வேடிக்கை என்னவென்றால், 1974-இல் நம் பிரதமர் துன் ரசாக் பீக்கிங் போய் உறவு ஏற்படுத்திய பிறகும் ஏழு வருஷம் இந்த நிலையம் அதே நாட்டிலிருந்து நம் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தது. 1980 கடைசியில் சீனத் தலைவர் டெங் சியாவோபிங், மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கைக் கூப்பிட்டு மூடச் சொன்னார், 1981 ஜூன் 30-ஓடு நின்றது. அப்புறம் தாய்லாந்து எல்லையிலிருந்து வேறு பெயரில் சின்னதாக ஒன்று நடத்தினார்கள்.

பால்மரத்துப் பேரன்:
அப்பாவிடம் படித்துக் காட்டினேன், சிரிக்கிறார். அந்த வருஷம்தான் தாத்தா ரேடியோ கெட்டுப்போச்சு என்று டவுனுக்குத் தூக்கிப் போனாராம். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.