கொலு பொம்மை காயவே மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். கொலுவில் கீழ்ப்படியில் ஒரு சந்தை வைக்கலாம் என்று பிள்ளைகள் இருவரும் நானும் காகிதக்கூழில் பொம்மை செய்கிறோம். பழைய செய்தித்தாளைக் கிழித்து ஊறவைத்து வெந்தயத்தோடு அரைத்தோம், கூடை முறம் மெழுக அந்தக் காலத்தில் இப்படித்தான் செய்வார்கள் என்று மாமியார்தான் சொல்லிக்கொடுத்தார்.

பூக்காரம்மா, இளநீர் வண்டி, தராசோடு காய்கறிக்காரர் என்று எட்டு பொம்மை ஆகிவிட்டது. ஆனால் சென்னையில் தினமும் சாயங்காலம் மழை, மூன்று நாளாகியும் உள்ளே ஈரம், பூக்காரம்மா மேல் பூசணம் வேறு, சின்னவள் அழுதே விட்டாள்.

மின்விசிறிக்கு அடியில் வைத்தால் விரிசல் விடுமா? பூசணம் வராமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்க்கச் சொல்கிறார்கள், அது விஷம், பிள்ளைகள் கையால் பிசைவதால் வேண்டவே வேண்டாம். உப்போ மஞ்சளோ போதுமா? உள்ளே கூடாக விட்டுச் செய்தால் சீக்கிரம் காயுமா?

கடையில் வாங்கிவிடலாம்தான். ஆனால் சாப்பாட்டு மேசையைச் சுற்றி பாட்டி கதை சொல்ல, பெரியவன் கூழைப் பிசைய, என் கணவரும் போனை வைத்துவிட்டு உட்காரும் அந்த ஒரு மணி நேரத்தை விட எனக்கு மனசில்லை. அப்புறம், புல்தரைக்குக் கேழ்வரகை எத்தனை நாள் முன்னால் தூவ வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.