புதுப்பிப்பு: ஃபேரிங் நேராகிவிட்டது

நிறுத்தியிருந்த என் மோட்டார் சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்து விழுந்ததையும், முன் ஃபேரிங்கின் (வண்டியின் முன்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் உறை) இடது விளிம்பு ஒரு விரல் நுழையும் அளவுக்கு விலகி நிற்பதையும் போன மாதம் எழுதியிருந்தேன். பிளாஸ்டிக்தான் வளைந்துவிட்டது என்று உறுதியாக நம்பினேன். அது தவறு. "உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்தைப் பாருங்கள்" என்று அந்தப் பதிவுக்குப் பதிலாகச் சொன்ன அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.

சனிக்கிழமை சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் ஃபேரிங்கைக் கழற்றினோம். ஹேண்டிலுக்கு முன்னால் விளக்கையும் கண்ணாடிகளையும் தாங்கும் சட்டத்தின் இடது கை, வலது கையைவிட 8 மில்லிமீட்டர் பின்வாங்கியிருந்தது. பற்றவைத்த இடத்தில் விரிசல் இல்லை என்பதைப் பார்த்த பிறகே, மெக்கானிக் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். விரிசல் இருந்திருந்தால் புதிய சட்டம்தான்.

மாட்டும்போதுதான் நான் கற்றுக்கொண்டேன். "தம்பி, எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் மட்டும் முறுக்கி வை" என்றார். முன்பு நான் ஒவ்வொன்றாக இறுக்கியதால், கடைசித் துளை எப்போதும் தள்ளியே நின்றது. இம்முறை எல்லாம் தாமாகவே பொருந்தின. நசுங்கிய 2 ரப்பர் வளையங்களையும் மாற்றினோம். ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பி, ஒயர் எதுவும் இழுபடவில்லை என்று பார்த்துக்கொண்டோம்.

ஞாயிறு காலை துவாஸ் பாலம் வழியாக மலேசியா போய் வந்தேன். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்திலும் கடகடப்பு இல்லை. கீறல் மட்டும் அப்படியே இருக்கிறது. பெயிண்ட் அடுத்த மாதம்.