புதுப்பிப்பு: கழிவுநீர்க் குழாயின் சரிவும் பள்ளத்தின் ஆழமும்

18 மீட்டர் நீளத்துக்குப் பதிக்கும் 110 மில்லிமீட்டர் குழாய்க்குக் கடைசி முனையில் எவ்வளவு ஆழம் தேவை என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது பள்ளம் தோண்டியாகிவிட்டது. 60-க்கு 1 என்ற சரிவின்படி (60 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் இறக்கம்), 18,000-ஐ 60-ஆல் வகுக்க, மொத்த இறக்கம் 300 மில்லிமீட்டர் வந்தது. தொடக்க முனையில் மண்மூடல் (குழாயின் மேல் இருக்கும் மண்ணின் உயரம்) 450, குழாய் 110, மணல் படுகை 100 எனக் கூட்டினால் ஆழம் 660; இறக்கத்தையும் சேர்த்தால் கடைசி முனையில் 960. ஆனால் டியூப் லெவல் (நீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்தபோது அந்த முனையில் தரையே 80 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்ததால், 880 போதுமானதாயிற்று. தரை மட்டத்தைப் பார்க்காமல் ஆழத்தைத் தீர்மானிப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

படுகையைச் சரிபார்க்க, 1.2 மீட்டர் ரசமட்டத்தின் தாழ்முனைக்கு அடியில் 20 மில்லிமீட்டர் கட்டையை வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை மணலைச் சீர்செய்தோம். இணைப்புகளின் கழுத்து படுகையில் முட்டாதபடி ஒவ்வோர் இணைப்புக்கும் அடியில் சிறு குழி விட்டிருக்கிறோம். இனி நீர் நிரப்பிக் கசிவைச் சோதித்த பிறகே மண் மூடப்படும்.