உம்ரா குழுப் பயணம்: முதல் நாள் எப்படி இருந்தது?

அஸ்ஸலாமு அலைக்கும். உம்ரா என்ற மக்கா புனிதப் பயணம் போய்வந்தவர்கள் கஅபாவைக் கண்டதும் அழுத கதையைச் சொல்வார்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்த நாளில் நடந்தது எதுவும் அவர்கள் பேச்சில் வராது. வயதான அம்மாவை அழைத்துக்கொண்டு குழுவோடு போனவன் நான். அந்த நாளைத் தாண்ட உதவியவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாதவர்கள்தான். அவர்களைப் பற்றியே எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

சென்னை விமான நிலையத்தில், குழுவை அழைத்துப்போகும் மார்க்க வழிகாட்டியான ஹஜ்ரத் எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டையை மாட்டினார். பெண்களுக்கு ஒரே நிறத்தில் முக்காடு கொடுத்தார். ஆண்கள் தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துணிகளுக்கு மாறினோம். முதல் தடவை கட்டுகிறவனுக்கு அது இடுப்பில் நிற்காது, பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். பக்கத்தில் ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "கைலி கட்டுற ஊர்தானே தம்பி உங்களுக்கு? காலை அகட்டி நில்லுங்க, மடிப்பை உள்ளே தள்ளிச் சுருட்டுங்க" என்று அவரே கட்டிவிட்டார். அப்புறம் அது அவிழவே இல்லை.

துணி மாற்றினால் மட்டும் இஹ்ராம் என்ற உம்ரா நிலைக்குள் வந்துவிட்டதாக ஆகிவிடாது. இஹ்ராமுக்குள் நுழைய வேண்டிய மீக்காத் எல்லையைத் தாண்டுவதற்குள் நிய்யத் (உம்ரா செய்கிறேன் என்ற உறுதி) வைக்க வேண்டும். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு அது யலம்லம். எல்லை நெருங்கும்போது விமானத்தில் அறிவிப்பார்கள், ஆனால் பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். ஹஜ்ரத் வரிசை வரிசையாக வந்து தோளைத் தட்டி எழுப்பினார். அதற்குப் பிறகு நகம் வெட்டக்கூடாது, முடி களையக்கூடாது, நறுமணம் பூசக்கூடாது. "லப்பைக் அல்லாஹும்ம லப்பைக்" (இதோ வந்துவிட்டேன் இறைவா) என்று எங்கள் வரிசையில் கிளம்பிய சத்தம் பின்னால் இருந்த வேறு குழுக்களுக்கும் பரவியது.

ஜித்தாவிலிருந்து மக்கா ஏறத்தாழ 80 கிலோமீட்டர். வழியில் சாலைக்குக் குறுக்கே, குர்ஆனை விரித்து வைத்து ஓதும் பலகை வடிவத்தில் ஒரு பெரிய வாசல் வரும். 601 மீட்டர் உயரக் கடிகாரக் கோபுரம் கண்ணில் பட்டதும் பஸ்ஸில் பேச்சு நின்றுவிட்டது.

ஹோட்டல் விஷயத்தில் ஒரு குறை. கஅபா இருக்கும் பெரிய பள்ளிவாசலான ஹரமிலிருந்து 500 மீட்டர் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். யார் காலால் அளந்தார்களோ! பணம் கட்டும் முன் ஹோட்டல் பெயரைக் கேட்டு, வரைபடத்தில் நீங்களே தூரம் பார்த்துவிடுங்கள்.

அறைக்குப் போய்ச் சேரும்போது நள்ளிரவு. "அரை மணி நேரத்தில் உளூ செய்துவிட்டு (முகம் கை கால் கழுவி) வாருங்கள், உம்ராவை முடித்துவிடலாம்" என்று அறிவிப்பு. அம்மாவின் முழங்கால் வீங்கியிருந்தது. எனக்குத் துணி கட்டிவிட்ட அதே பெரியவர்தான், "காலையில செஞ்சா கூடாதா ஹஜ்ரத்?" என்று கேட்டார். தாராளமாகக் கூடும், இஹ்ராம் கட்டுப்பாடுகள் மட்டும் அதுவரை தொடரும் என்று ஹஜ்ரத் சொன்னார். யாராவது கேட்டால்தான் இந்தப் பதில் வருகிறது. வயதானவர்களோடு போகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள். நாங்கள் தூங்கி எழுந்து, பஜ்ர் (அதிகாலைத் தொழுகை) தொழுதுவிட்டுத் தொடங்கினோம்.

கஅபாவைச் சுற்றி வரும் தவாப் ஏழு சுற்று. கஅபாவில் பதித்த ஹஜருல் அஸ்வத் என்ற கறுப்புக் கல்லுக்கு நேராக எரியும் பச்சை விளக்குதான் தொடக்கக் கோடு. அம்மா ஊரிலிருந்தே கணக்குப் போட்டு வந்திருந்தார். முதல் சுற்று தாய் தகப்பனுக்கு, இரண்டாவது அத்தாவுக்கு (என் அப்பாவுக்கு), மூன்றாவது பிள்ளைகளுக்கு, நான்காவது தெருவில் துஆ (பிரார்த்தனை) செய்யச் சொன்னவர்களுக்கு. தெருப் பட்டியல் பெரிது, அந்தச் சுற்றில் முடியாமல் அடுத்ததிலும் ஓடியது. அப்போதுதான் கூட்டம் நெருக்கியது. எங்கிருந்தோ வந்த ஆப்பிரிக்கப் பெண் ஒருவர், நல்ல உயரம், அம்மாவைத் தோளோடு அணைத்துத் தன் இன்னொரு முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டார். யாரும் மேலே விழ முடியவில்லை. அம்மா தமிழில் பேச, அவர் தன் மொழியில் பதில் சொல்ல, இருவரும் அப்படியே சுற்றினார்கள். பச்சை விளக்கு வந்ததும் அம்மாவின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டார்.

அடுத்தது ஸஃயி: இப்ராஹீம் நபியின் மனைவி ஹாஜரா தண்ணீர் தேடி ஓடிய ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே நடப்பது. ஒரு நடை சுமார் 450 மீட்டர், ஏழு நடை. மொத்தம் 3 கிலோமீட்டருக்கு மேல். தவாபிலேயே காலின் பலத்தைத் தீர்த்துவிட்டால் இங்கே திண்டாட்டம்தான். நடுவில் பச்சை விளக்குகளுக்கு இடைப்பட்ட பகுதியில் ஆண்கள் மட்டும் ஓட வேண்டும், பெண்கள் நடந்தால் போதும். நான் ஓடிவிட்டுத் திரும்பி வந்து அம்மாவோடு சேர்ந்துகொண்டபோது, "பிள்ளைக்குத் தண்ணி தேடி ஓடுனது ஹாஜரா அம்மா. இப்ப ஓடுறது நீங்க!" என்றார். என்னிடம் பதில் இல்லை.

•••

வஅலைக்குமுஸ்ஸலாம் காக்கா. எனக்குக் காயல்பட்டினம், எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். பெண்கள் பக்கத்து விஷயம் கொஞ்சம் சொல்கிறேன்.

விமானத்தில் சாப்பாட்டோடு ஒரு ஈரத்தாள் தருவார்கள், அதில் வாசனை இருக்கும். நிய்யத் வைத்த பிறகு அதைத் தொடக்கூடாது. நான் உறையைக் கிழிக்கப் போனபோது பக்கத்து இருக்கைப் பெண் டக்கென்று கையைப் பிடித்துத் தலையசைத்தார். மலேசியாக்காரர். தன் பையிலிருந்து வாசனையில்லாத தாள் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார். சோப்பும் அப்படித்தான், வாசனையில்லாததாக ஊரிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தோனேசியக் குழுக்களைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் முன்னால் துஆ சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லிக்கொண்டு ஒரே கட்டாகப் போகிறார்கள். நம் குழு இரண்டாவது சுற்றிலேயே ஆளுக்கொரு திசை. என் மாமியைக் காணோம். போன் அறையில். நான் பதறி நின்றதைப் பார்த்துவிட்டு, துடைப்பான் பிடித்திருந்த வங்கதேசத் தம்பி ஒருவர் இந்தியில் விசாரித்தார். என் முக்காட்டு நிறத்தைக் காட்டி, "இதே நிறம், 79ஆம் வாசல்" என்றார். கிங் ஃபஹத் வாசல் அது. போய்ப் பார்த்தால் மாமி அங்கே உட்கார்ந்து ஜம்ஜம் புனிதத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்! "நீங்கதான் தொலைஞ்சு போயிட்டீங்க" என்று எங்களுக்கே திட்டு விழுந்தது. கிளம்பும் முன்பே, பிரிந்தால் எந்த எண் வாசலில் நிற்பது என்று பேசிவைத்துவிடுங்கள்.

•••

ராமநாதபுரம் பக்கம். மக்காவில் பல வருடமாக வண்டி ஓட்டுகிறேன். முதல் நாள் வருகிறவர்களை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன், கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடியே சாலையைக் கடப்பார்கள். ஒரு தடவை உச்சி வெயிலில் ஒரு பாட்டி வெறுங்காலோடு ஓரமாக நின்றார். ஹரம் முற்றத்துக் கல் குளிர்ச்சியாகவே இருக்கும், அந்த நம்பிக்கையில் சாலைக்கு வந்துவிட்டார். தார்ச்சாலை சுட்டுவிடும். நான் தமிழில் "என்ன பாட்டி, செருப்பு எங்கே?" என்று கேட்டதும், "நம்ம ஊராப்பா நீ?" என்று அழுதேவிட்டார். அட்டையில் இருந்த ஹோட்டலில் விட்டேன். காசு நீட்டினார், துஆ செய்யுங்கள் போதும் என்றேன். செருப்பை வாசலில் விடாதீர்கள், ஒரு துணிப்பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். கழுத்து அட்டையை அறையில் கழற்றி வைக்காதீர்கள்.

•••

மேலே உள்ளதெல்லாம் சரி. என் பங்குக்கு நாவிதரைப் பற்றி. ஸஃயி முடித்து முடி எடுத்தால்தான் உம்ரா நிறைவு; வெளியே வந்தால் அதற்கான கடைகள் வரிசையாக இருக்கும். பெண்களுக்கு விரல் நுனி அளவு வெட்டினால் போதும், ஆண்கள் குறைக்கலாம் அல்லது மொட்டை. குறைத்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பாகிஸ்தான்காரர் என் தலையைத் தடவிப் பார்த்து, "இதில் மிச்சம் வைக்க என்ன இருக்கிறது?" என்று உருதுவில் கேட்டார். கடையே சிரித்தது, மொட்டையே போட்டுக்கொண்டேன். புது பிளேடு போடச் சொல்லிக் கேளுங்கள், கண்ணெதிரே மாற்றுவார்கள்.

இன்னொன்று. மேல் தளத்தில் ஸஃயிக்கு மின்வண்டி கிடைக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.