தலைக்கணக்கா, தட்டுக்கணக்கா?

கொட்டாஞ்சேனைக் கணக்கர்:
1974 அளவில் உலகத்தில் 400 கோடிப் பேர். 2022 நவம்பரில் 800 கோடி. அரை நூற்றாண்டுக்குள் சனம் இரட்டித்துவிட்டது, பூமி ஒரு பேர்ச்சும் கூடவில்லை. கொழும்பில் குப்பை கொட்ட இடமில்லாமல் 170 கிலோமீற்றர் தாண்டிப் புத்தளம் அருவக்காட்டுக்கு ஏற்ற வேண்டி வந்தது. பூமி தாங்குகிற சனத்துக்கு எல்லை இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை வாசி:
எல்லை இருக்குது அண்ணை, ஆனால் நீங்கள் விரலை நீட்டுகிற இடத்தில் இல்லை. இலங்கையில் 2012 குடிசன மதிப்பில் சுமார் 2 கோடி 4 இலட்சம், 2024இல் 2 கோடி 18 இலட்சம். வருடத்துக்கு நூற்றுக்கு அரை. இந்த வேகத்தில் இரட்டிக்க 140 வருடம் வேண்டும். உலக வளர்ச்சியும் அறுபதுகளில் 2 வீதத்தைத் தாண்டி நின்றது, இப்போது 1க்குக் கீழே. ஐ.நா.வின் 2024 மதிப்பீட்டின்படி 2080களின் நடுவில் 1,030 கோடியில் உச்சம், பிறகு இறக்கம்.

கொட்டாஞ்சேனைக் கணக்கர்:
இறக்கத்துக்கு முன்னால் இன்னும் 200 கோடிக்கு மேல் ஏறப் போகிறது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளை என்று இன்றைக்கே நின்றாலும் தொகை நிற்காது. நாளைய தாய்மார் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள், இளசுகள் கூடிய நாட்டில் பிறப்பு இறப்பை முந்திக்கொண்டே இருக்கும். பிரேக் போட்ட ரயில் உடனே நிற்கிறதா?

குழாய்வழி:
தண்ணீர்ப் பக்கம் மட்டும் சொல்கிறேன். கொழும்புக்காகக் களனி ஆற்றில் அம்பத்தலையில் எடுக்கிற தண்ணீரில் வறட்சிக்கு உப்பு ஏறுவதைச் சனத்தொகைத் தலையில் மட்டும் போட முடியாது. ஆற்றில் மணல் அள்ளி அள்ளி அடித்தளம் கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. உவர்நீர் பாரம் கூடியது. மேலே நன்னீர் கடலுக்கு ஓட, அடியால் ஆப்பு மாதிரி உள்ளே ஏறும். மலையில் மழை குறைந்து ஆறு மெலிந்தால் ஆப்பு தண்ணீர் எடுக்கும் இடம் வரை வந்துவிடும். படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மணலில் வடித்து, குளோரின் விட்டாலும் கரைந்த உப்பு போகாது. அதனால்தான் ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூட்டை அடுக்கி மறித்தார்கள்.

கொட்டாஞ்சேனைக் கணக்கர்:
அந்த மணலை அள்ளியது மீனா? தொடர்மாடி கட்டத்தானே அள்ளினது! தலை × ஆளுக்கு இவ்வளவு. பெருக்கலில் ஒரு பக்கத்தை மறைத்தால் விடை மாறாது.

வெள்ளவத்தை வாசி:
பெருக்கல் சரி, எந்தப் பக்கம் பெரிது என்றுதான் கேட்கிறேன். ஓர் இலங்கையர் வருடத்துக்கு விடுகிற காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 1 தொன், அமெரிக்கர் 14 தொன்னுக்குக் கிட்ட. உலக விவசாய நிலத்தில் முக்கால்வாசி கால்நடைக்கும் அதன் தீவனத்துக்கும் போகிறது, அதிலிருந்து மனிதருக்கு வரும் கலோரி ஐந்தில் ஒரு பங்கும் இல்லை. நிலத்தைத் தின்கிறது தட்டு. பயமுறுத்தல் புதிதுமில்லை. 1980இல் சனப்பெருக்கத்தை எச்சரித்த உயிரியலாளர் போல் ஏர்லிச், பொருளியலாளர் ஜூலியன் சைமனுடன் ஐந்து உலோகங்களின் விலை ஏறும் என்று பந்தயம் கட்டினார். பத்து வருடத்தில் சனம் 80 கோடி கூடியது, விலை இறங்கியது, 576 டொலர் காசோலை அனுப்பினார்.

பசளைமூட்டை:
அந்தப் பந்தயத்தைப் பெரிதாக எடுக்காதீர்கள், வேறு பத்து வருடத்தில் கட்டியிருந்தால் ஏர்லிச் வென்றிருக்கக்கூடும். செம்புக் கம்பிக்குப் பதில் அலுமினியம் போடலாம். பயிருக்குப் பொசுபரசுக்குப் பதில் எதுவும் போட முடியாது.

நைதரசனில் இருந்து தொடங்குவோம். ஒரு ஹெக்டேர் வயல் 5 தொன் நெல் தர 100 கிலோ அளவு நைதரசன் கேட்கும். யூரியாவில் 46 வீதம், ஆக 217 கிலோ, 50 கிலோ மூட்டை நாலுக்குச் சற்று மேல். நல்ல கூட்டெருவில் ஒன்றரை வீதம்தான், ஆக 6.7 தொன். 7 இலட்சம் ஹெக்டேர் வயலுக்கு 47 இலட்சம் தொன் கூட்டெரு! அதிலும் பெரும்பகுதி அந்தப் போகத்தில் கரைந்து வராது. 2021 மேயில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை போட்டபோது இலங்கை அரசு இந்தக் கணக்கைக் காதில் வாங்கவில்லை. நவம்பரில் தடையை எடுத்தும் அந்தப் பெரும்போகம் தப்பவில்லை.

ஆனாலும் நைதரசன் காற்றில் இருக்கிறது, இயற்கை வாயு இருந்தால் எடுக்கலாம். பொசுபரசு பாறையில்தான். அந்தப் பாறையிலும் பெரும்பங்கு மொறோக்கோ, மேற்குச் சகாரா பக்கம்.

வெள்ளவத்தை வாசி:
நம் அநுராதபுரம் எப்பாவலையில் அந்தப் பாறை இல்லையா?

பசளைமூட்டை:
இருக்கு. ஆனால் அது தண்ணீரில் கரையாத அப்பற்றைற்று என்ற பொசுபேற்றுக் கனிமம். தேயிலை, இறப்பர் மாதிரி அமில மண்ணில் வருடக்கணக்கில் நிற்கிற பயிருக்கு மெல்ல மெல்லக் கொடுக்கும். மூன்றரை மாத நெல் அதுவரை காத்திராது. சல்பூரிக் அமிலம் விட்டு மாற்றவேண்டும்.

கொட்டாஞ்சேனைக் கணக்கர்:
அப்போ எல்லை தலையில்தான் வந்து நிற்கிறது. ஓர் ஆள் வருடத்துக்கு அரைக் கிலோ பொசுபரசு வெளியேற்றுகிறார். 800 கோடிக்கு 40 இலட்சம் தொன். பசளைக்குத் தோண்டுவது 2 கோடி தொன் அளவு. முழுவதையும் திருப்பி எடுத்தாலும் ஐந்தில் ஒன்று.

பசளைமூட்டை:
மிச்சம் வயலில் இருந்து மண்ணோடு கழுவுப்பட்டும் மாட்டெருவிலும் போகிறது. அதையும் பிடிக்கலாம். 10 இலட்சம் பேருக்கு 500 தொன் என்று வையுங்கள், ரிஎஸ்பி (முச்சுப்பர் பொசுபேற்றுப் பசளை) கணக்கில் 50,000 மூட்டை. கொழும்பில் அது வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் குழாய்வழியே கடலுக்குப் போகுது.

குழாய்வழி:
என் பெயரை இழுத்ததால் வருகிறேன். மக்னீசியம் சேர்த்துப் பொசுபரசை உப்பாய்ப் படிய வைக்கிற முறைக்குக் கழிவில் லீற்றருக்கு 100 மில்லிகிராம் அளவாவது பொசுபரசு வேண்டும். சாக்கடையில் 5 முதல் 10 வரைதான், மாரியில் பழைய குழாய்களுக்குள் மழைத்தண்ணீரும் புகுந்து இன்னும் ஐதாகும். சிறுநீரை ஆரம்பத்திலேயே பிரிக்க வேண்டும், பாதிக்கு மேல் பொசுபரசு அதில்தான். தனிக் குழாய் பிளாஸ்ரிக்கில் இருக்கட்டும், 100 அடிக்கு 1 அடி சரிவாவது வேண்டும், வளைவு அகலமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அதே உப்பு வளைவில் கல்லாய் இறுகி அடைத்துவிடும். புதுக் கட்டடத்தில் செய்யலாம். பழைய தொடர்மாடியில் ஒவ்வொரு மாடியிலும் சுவர் உடைக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைக் கணக்கர்:
உடைக்கிற செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பீர்களா, வீட்டுக்கு இவ்வளவு என்றா?

வெள்ளவத்தை வாசி:
எங்கள் பக்கம் பராமரிப்புக் காசு சதுர அடிக்குத்தான் அண்ணை.