துண்டு எழுதிக் கொடுத்த பிறகு நடந்தவை

திருகோணமலை மாவட்டத்து வெருகல் பக்கம் குடும்ப நல உத்தியோகத்தராக 14 வருசம் வேலை செய்கிறேன். ஊருக்கு நான் ‘மிட்வைஃப் மிஸ்’. போன மாரியில் நடந்தது இது.

பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள் என்று ஒரு வீட்டுக்குப் போனேன். தாயையும் பிள்ளையையும் பார்த்து, தொப்புள் காய்ந்திருக்கிறதா, பால் சரியாகக் குடிக்கிறதா என்று கேட்டு எழும்பும்போது உள்ளறையில் முனகல் சத்தம். “அது அப்பா மிஸ். நாலு நாளாக் காய்ச்சல், பனடோல் குடுக்கிறம்” என்றாள்.

எட்டிப் பார்த்தேன். கண் இரண்டும் சிவந்திருந்தன, பீளை இல்லை. கெண்டைக்காலில் கை வைத்ததும் மனுசன் துடித்துப்போனார். காலில் ஆறாத வெட்டுக்காயம். அந்தக் காலோடுதான் வயல் தண்ணீரில் நின்றிருக்கிறார். “ஒண்டுக்குப் போனீங்களா ஐயா?” “விடியக் கொஞ்சம் போனது மகள், தேத்தண்ணி நிறத்தில.”

இன்ன நோய் என்று சொல்ல வேண்டியது டாக்டர். ஆனால் மாரியில் எலிக்காய்ச்சல் எப்படி வரும் என்று எங்களுக்குத் தெரியும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காயத்தால் உள்ளே போனால், விட்டுவைக்கிற ஒவ்வொரு நாளும் சிறுநீரகத்துக்கும் நுரையீரலுக்கும் ஆபத்து.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் துண்டு எழுதி நீட்டினேன். “நாளைக்குப் போறன்” என்றார். இந்த ‘நாளைக்கு’ என்பதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். ஏன் இண்டைக்கு ஏலாது என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நாலு மாடு நிக்குது. மகன் கட்டாரில. இவ மகளை விட்டுட்டு வர ஏலாது. ஆர் பாக்கிற?” என்றார். நோய்க்குப் பயமில்லை அவருக்கு, மாடுதான் கவலை. பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு மாட்டை ஒப்படைத்தோம். வார்ட்டில் கூட நிற்க மச்சான்காரர் வந்தார். 1990 அம்புலன்சுக்கு எடுத்தேன். “அந்த வண்டிக்கு எவ்வளவு மிஸ்?” என்று மனைவி மெல்லக் கேட்டா. காசில்லை என்றதும்தான் உடுப்புப் பை கட்டத் தொடங்கினா. வண்டி புறப்படும் வரை நான் வாசலை விட்டு அசையவில்லை.

பெரியாஸ்பத்திரியில் பதினொரு நாள். இரத்தம் சுத்திகரிக்கவும் வேண்டி வந்தது. நடந்துதான் வீடு வந்தார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எங்கட பிஎச்ஐ ஐயா, அந்த வயலில் இறங்குகிற எல்லாருக்கும் எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கக் கிழமைக்கொருக்கா குடிக்கிற டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுத்தார். முதல் ஆளாக வாங்கினது மாடு பார்த்த தம்பி.

மூதூரிலிருந்து ஒருவர் சொன்னது:

எங்கட உம்மாவுக்கு மூன்று கிழமையாக இருமல், உடம்பும் மெலிந்துபோச்சு. வீட்டுக்கு வருகிற சுகாதாரத் தொண்டர் அக்கா சளி சோதிக்கச் சொன்னா. உம்மா மாட்டேன் என்றா. காசநோய் என்று ஊர் கதைத்தால் தங்கச்சியின் கலியாணப் பேச்சு நின்றுபோகும் என்ற பயம். அக்கா வற்புறுத்தவில்லை. அடுத்த நாள், “நானும் கிளினிக் பக்கம் போறன், வாங்க உம்மா” என்று ஓட்டோவோடு வந்தா. காசநோய்தான். ஆறு மாதம் மாத்திரை, எல்லாம் இலவசம். இரண்டாம் மாதம் உடம்பு தேறினதும் உம்மா மாத்திரையை விடப் பார்த்தா. அப்பவும் அக்காதான் முன்னால் இருந்து விழுங்க வைத்தா. அல்லாஹ் அவவுக்கு நல்ல ஆயுசைக் கொடுக்கட்டும்.

கிண்ணியாவிலிருந்து, முன்னாள் சுகாதாரத் தொண்டர் ஒருவர் சொன்னது:

2009இல் எங்கட பாலம் திறக்க முந்தி தண்ணீரைக் கடக்க எல்லாம் பாதைதான், ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவை. எட்டு மாதப் பிள்ளைத்தாச்சி ஒருத்திக்குக் கால் வீக்கம், தாங்க முடியாத தலையிடி, கண் மங்கல். பகலிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அவர் கடலால் வரட்டும் என்றாள். அவர் வந்தபோது இருட்டிவிட்டது. கரையில் பாதைக்குக் காத்து நிற்கும்போதே வலிப்பு வந்தது. தாய் தப்பினாள், பிள்ளை இல்லை. அந்தப் பகலில் நான் அந்த வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும்.