பூனை முதுகு வேண்டாம்: ‘கேட்-பேக்’குக்கு ஒரு தமிழ்ச்சொல்

செவ்வாய் காலை, கோவை மொழிபெயர்ப்பாளர்:

குழுமத்தாருக்கு வணக்கம். பிக்கப் வண்டிக்கு வெளியில் வாங்கிப் பொருத்தும் சைலன்சர் செட்டை எப்படித் தேர்வு செய்வது என்ற அமெரிக்க வழிகாட்டி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஃபோர்டு எஃப்-150, 5 லிட்டர் வி8 இன்ஜினை வைத்துத்தான் எடுத்துக்காட்டு எல்லாம். வெள்ளி மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். ‘கேட்-பேக்’ என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. இயந்திர மொழிபெயர்ப்பு ‘பூனை முதுகு வெளியேற்ற அமைப்பு’ என்கிறது. சிரித்து முடித்துவிட்டு யோசித்தால் எனக்கும் உருப்படியாக ஒன்றும் தோன்றவில்லை.

கேட் என்பது இங்கே கேட்டலிடிக் கன்வெர்ட்டர், புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம். அதுவரை உள்ளதைத் தொடாமல், அதற்குப் பின்னால் வால்குழாய் முனைவரை மாற்றுவது கேட்-பேக். பின் அச்சுக்குப் பிறகு உள்ளதை மட்டும் மாற்றினால் ஆக்சில்-பேக். இரண்டுக்கும் ஒரே வார்ப்பில் சொல் வேண்டும். உதவுங்கள்.

செவ்வாய் மதியம், ஐ.டி.ஐ. ஆசிரியை:

கேட்-பேக் என்றே எழுதிவிடுங்கள் அண்ணா. பட்டறையில் யாரும் வேறு சொல் சொல்லப்போவதில்லை. தமிழகப் பாடநூலில் கேட்டலிஸ்ட் என்றால் வினைவேகமாற்றி. கன்வெர்ட்டர் என்றால் மாற்றி. சேர்த்தால் ‘வினைவேகமாற்றி மாற்றி’. என் பையன்கள் மாற்றி மாற்றிச் சிரிப்பார்கள்.

செவ்வாய் இரவு, யாழ்ப்பாண ஆசிரியர்:

எங்கள் பாடநூல்களில் அது வெறும் ‘ஊக்கி’தான். இரண்டு மாற்றி தேவையில்லை, ‘ஊக்கி மாற்றி’ போதும். அப்படியானால் கேட்-பேக் ‘ஊக்கிப்பின்’, ஆக்சில்-பேக் ‘அச்சுப்பின்’. கூட ‘புகைத்தொகுதி’ சேர்த்தால் முடிந்தது. நீங்கள் பிக்கப் என்பதை இங்கே கப் ரக வாகனம் என்பார்கள், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

புதன் காலை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

தம்பி, ‘புகைத்தொகுதி’ சட்டமன்றத் தொகுதிபோல ஒலிக்கிறது. குழாய், குழல் என்று அலையவும் வேண்டாம். ‘தூம்பு’ இருக்கிறது. உள்ளே துளையுள்ளது எதுவோ அது தூம்பு. ஏரியில் நீர் போக்குவதும் தூம்பு, யானையின் கையும் தூம்புடைத் தடக்கை. துல், துள், துளை, தூம்பு என்று வேர் வரிசையாக வரும். புகை போக்குவது ‘புகைத்தூம்பு’.

இன்னொன்று. புறநானூறு 152-இல் ‘கண்விடு தூம்பின் களிற்றுயிர் தொடுமின்’ என்கிறார் வன்பரணர். மலைபடுகடாத்திலும் ‘களிற்றுயிர்த் தூம்பு’ வருகிறது. மூங்கிலின் கணுக்களை உள்ளே திறந்துவிட்ட ஊதுகருவி அது. ஊதினால் யானை பெருமூச்சு விடுவதுபோல் ஒலிக்கும். ஓசைக்காகக் குழாய் மாற்றுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

புதன் காலை, ஹியூஸ்டன்வாசி:

ஐயா, உண்மையிலேயே மலைத்துவிட்டேன். சைலன்சருக்குள் இரண்டு வகை. ஒன்றில் தடுப்புச் சுவர்கள் இருக்கும். ஒலி அறை அறையாக முட்டி அடங்கும். மற்றதில் ஓட்டை போட்ட நேர்குழாய் ஒன்றே ஒன்று, சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு. தடுப்பே கிடையாது. மூங்கில் கணுவைத் திறந்துவிட்ட கதைதான். நேர்வழி மஃப்ளருக்குக் (இங்கே சைலன்சருக்கு அதுதான் பெயர்) ‘கண்விடு தூம்பு’ என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் வாங்குகிறவன் கேட்பது வேறு. சட்டப்படி போடலாமா என்பதுதான் முதல் கேள்வி. ஊக்கி மாற்றியைக் கழற்றினால் இங்கே மத்தியச் சட்டமே பாயும். கேட்-பேக் அதைத் தொடுவதில்லை, அதனால்தான் இத்தனை விற்கிறது. எதை விட்டுவைக்கிறோம் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். ‘புகைத்தூம்பு’ அதைச் சொல்லவில்லை.

புதன் மாலை, ஐ.டி.ஐ. ஆசிரியை:

ஐயா மன்னிக்க வேண்டும். துல்லிலிருந்து தூம்பு பிறந்ததா என்று எனக்குத் தெரியாது. ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று தொல்காப்பியரே கையை விரித்துவிட்டார். தூம்பு என்றால் என் வகுப்பில் பாதிப்பேர் விழிப்பார்கள், ஏரிக்கரைப் பிள்ளைகள் மதகைத் தேடுவார்கள். மஃப்ளர் என்று எழுதினாலும் வம்புதான். நமக்கு மஃப்ளர் என்பது மார்கழியில் தாத்தா தலையில் சுற்றுவது. சைலன்சர் ஒன்றுதான் எல்லோருக்கும் புரியும்.

புதன் இரவு, பேராசிரியர்:

அம்மா, அதே தொல்காப்பியர்தான் ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்றும் சொன்னார். காலத்தோடு பொருந்தி வழங்கினால் எந்தச் சொல்லையும் விலக்க வேண்டியதில்லை. தூம்பைக் காலத்துக்குள் கொண்டுவருவது நம் வேலை. புரியாது புரியாது என்று ஒதுக்கியிருந்தால் ‘கணினி’ வந்திருக்குமா?

வியாழன் காலை, ஹியூஸ்டன்வாசி:

சைலன்சர் என்ற பெயர் துப்பாக்கிக்கும் உண்டு. 1909-இல் துப்பாக்கிச் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம், இன்ஜின்களுக்கும் அதேபோல் ஒலியடக்கி செய்தார். அவருடைய அப்பாதான் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி செய்தவர். அப்பா போட்ட சத்தத்தை மகன் அடக்கினார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

‘ட்ரோன்’ (பறப்பது அல்ல, சைலன்சர் ஓசை) என்பதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? நான் 3 அங்குல நேர்வழிச் செட் ஒன்றை ஆசைப்பட்டுப் போட்டேன். கிளப்பும்போது கேட்கக் கேட்க இன்பம். நெடுஞ்சாலையில் இன்ஜினை நிமிடத்துக்கு 2000 சுற்றுப் பக்கம் நிலையாக ஓட்டினால் கேபினுக்குள் ஒரே குரலில் முரண்டு பிடித்த முனகல். கப் வைக்கும் இடத்தில் கிடந்த சில்லறை தாளம் போட்டது. சான் அன்டோனியோ போய்ச் சேர்வதற்குள் மனைவி காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். இதை ‘ரீங்காரம்’ என்று எழுதிவிடாதீர்கள், வண்டு கோபித்துக்கொள்ளும். பிறகு அந்த ஓசையை அடக்கும் ரெசனேட்டர் ஒன்றைச் சேர்த்துப் பற்றவைத்தபின்தான் வீட்டில் அமைதி.

வியாழன் மதியம், யாழ்ப்பாண ஆசிரியர்:

ட்ரோனுக்கு ‘முரலொலி’? ரெசனன்ஸ் எங்களுக்குப் ‘பரிவு’. ரெசனேட்டர் ‘பரிவி’.

வியாழன் மதியம், கோவை மொழிபெயர்ப்பாளர்:

தமிழ்நாட்டில் அது ஒத்ததிர்வு. பரிவி என்றால் இரக்கப்படும் பெண் என்று நினைப்பார்கள். ‘உள்முனகல்’ என்று போட்டுவிட்டேன், திட்டாதீர்கள். 409, 304 என்ற துருப்பிடிக்காத எஃகு வகை எண்களை அப்படியே விட்டேன். அலுமினியப் பூச்சு எஃகு விலை குறைவு, பனிக்கு உப்புத் தூவும் ஊர்களில் சீக்கிரம் துரு ஏறும், 304 தாங்கும் என்ற பகுதி தகராறில்லாமல் முடிந்தது. ‘ஆஃப்டர்மார்க்கெட்’டுக்குப் பின்சந்தை என்று முதலில் எழுதி, படித்துப் பார்த்தால் உழவர் சந்தைக்குப் பின்பக்கம்போல் இருந்தது. பட்டறையில் கம்பெனி ஐட்டம், வெளி ஐட்டம் என்றுதானே பிரிக்கிறார்கள். ஆகவே ‘வெளிப்பொருத்து’. இப்போது தலைச்சொல்லை முடிவு செய்யுங்கள், ஒரு நாள்தான் இருக்கிறது.

வியாழன் இரவு, பேராசிரியர்:

‘ஊக்கிப்பின்’ என்பதில் பின் என்பது இடத்தைக் குறிக்கிறதா, காலத்தையா? ஊக்கிக்குப் பின் என்று விரித்தால் நான்காம் வேற்றுமைத் தொகை, வலி மிகுந்தது சரி. ஆனால் ‘பின்’னில் முடிந்த சொல் அந்தரத்தில் தொங்குகிறது. எதன் பின்? என்ன பின்? ‘ஊக்கிப்பின் தூம்பு’ என்றால் நிற்கும்.

வெள்ளி காலை, குழும நெறியாளர்:

நாற்பத்தேழாவது மடல் இது. எண்ணிப் பார்த்ததில் ஊக்கிப்பின் தொகுதிக்கு ஆறு பேர், கேட்-பேக்குக்கு மூன்று பேர், தூம்புக்குப் பேராசிரியர் ஐயா. ஆறில் நான்கு பேர் ‘சரி, ஏதோ ஒன்று’ என்று எழுதியவர்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

வெள்ளி மாலை, கோவை மொழிபெயர்ப்பாளர்:

அனுப்பிவிட்டேன். ஊக்கிப்பின், அச்சுப்பின். முதல் இடத்தில் மட்டும் ‘கேட்-பேக் எனப்படும்’ என்று சேர்த்தேன். கண்விடு தூம்பை உள்ளே வைக்க ஆசைதான், மனம் துணியவில்லை. எல்லோருக்கும் நன்றி.

திங்கள் மாலை, ஐ.டி.ஐ. ஆசிரியை:

தோற்றாலும் நேர்மையாக முயன்று பார்ப்போம் என்று இன்று கரும்பலகையில் ‘ஊக்கிப்பின்’ என்று எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். “மிஸ், ஊக்குன்னாலும் பின்னுன்னாலும் ஒண்ணுதானே, எதுக்கு ரெண்டு தடவை?” இன்னொருவன் சட்டைப் பொத்தானுக்குப் பதில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றியே காட்டினான். அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.

திங்கள் இரவு, பேராசிரியர்:

தூம்பு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது அம்மா.